செட்டிநாடு பார்க்கப் போறீங்களா? கானாடுகாத்தான்ல தங்குங்க

"செட்டிநாடு போறோம், காரைக்குடியில எந்த ஹோட்டல் நல்லாருக்கும்?"னு கேக்கிறவங்களுக்கெல்லாம் என் பதில் ஒண்ணுதான்: பதினஞ்சு கிலோமீட்டர் தள்ளி, பழைய செட்டியார் மாளிகைங்க நிறைஞ்ச கானாடுகாத்தான்ல தங்குங்க.

கார்ல வர்றவங்க பெரும்பாலும் பதினோரு மணிக்கு வந்து இறங்குறாங்க. செட்டிநாடு ராஜா வீட்டு வாசல்ல நாலு போட்டோ. மண்டையைப் பிளக்கிற வெயில்ல ரெண்டு தெரு நடந்துட்டு, "பூட்டிக் கிடக்கிற வீடுங்கதானே"ன்னு கிளம்பிடுறாங்க. அந்த ஊரைக் காலை ஆறரைக்கும் சாயங்காலம் அஞ்சுக்கும்தாங்க பார்க்கணும். அந்த நேரத்துக்கு அங்கேயே இருந்தாத்தானே முடியும்?

வீடுங்க ஏன் பூட்டிக் கிடக்குன்னா, ஒரு வீட்டுக்குப் பங்காளிங்க அத்தனை பேர். முகப்பு ஒரு தெருவுல, பின்கட்டு வாசல் அடுத்த தெருவுல. நடுவுல வளவு, அதாவது முற்றம்; அதைச் சுத்திக் கல்யாணமான மகன் ஒவ்வொருத்தருக்கும் ஓர் அறை. அந்த வாரிசுங்க எல்லாரும் ஒத்துக்கிட்டாத்தான் விற்கவோ இடிக்கவோ முடியும். ஒத்துப்போன சில வீடுகள்தான் இன்னைக்கு ஹோட்டல். வாடகை கையைக் கடிக்கும், மறைக்கல. மூணு நாள் பிளானை ரெண்டாக்கிக்கோங்க.

காலையில திருமயம் போங்க. கோட்டைக்கு அடியில ஒரே பாறையைக் குடைஞ்சு பெருமாளுக்கும் சிவனுக்கும் பக்கத்துப் பக்கத்துல கோயில். இன்னொரு காலை புதுக்கோட்டை தாண்டி சித்தன்னவாசல், சமணர் குகைக் கூரையில தாமரைக் குளம் ஓவியம். வெயில் ஏறுறதுக்குள்ள திரும்பி, வளவுத் தாழ்வாரத்துல ஒரு தூக்கம்.

கையால தரை டைல்ஸ் செய்யற ஆத்தங்குடிக்கு மட்டும் அவசரமாப் போகாதீங்க. கண்ணாடி மேல அச்சை வச்சு, ஒவ்வொரு கட்டத்துலயும் கரண்டியால கலர் சிமெண்ட்டை ஊத்துறாங்க. அச்சைத் தூக்கினா கலர் ஒண்ணோட ஒண்ணு கலக்காம நிக்குது! மேல காய்ஞ்ச சிமெண்ட்டும் மணலும் தூவி, கலவை போட்டு அமுக்கி, அப்புறம் தண்ணித் தொட்டியில ஊறப்போடுறாங்க. சூளையே கிடையாது. அந்தப் பளபளப்பு அடியில இருக்கிற கண்ணாடி கொடுக்கிறது. (அதைப் பார்த்ததுலேர்ந்து எங்க வீட்டு டைல்ஸ் மேல எனக்கு மரியாதை போச்சு.)

கதவு திறந்திருக்குன்னு எந்த வீட்டுக்குள்ளயும் கேமராவோட நுழையாதீங்க. ஆள் குடியிருக்கிற வீடுகளும் உண்டு. காவலாளிகிட்ட கேளுங்க, முடிஞ்சா அவரே காட்டுவார். ராத்திரிச் சாப்பாட்டைத் தங்குற இடத்துல காலையிலேயே சொல்லிடுங்க. பக்கத்துலயே செட்டிநாடுன்னு ஸ்டேஷன் இருக்கு, ஆனா எல்லா ரயிலும் நிக்காது.

மார்கழியிலேர்ந்து மாசிக்குள்ள போங்க. கத்திரி வெயில்ல போயிட்டு வந்து என்னைத் திட்டாதீங்க.