வங்கி இயக்குநர் ஆனால் கடன் சுலபமா? சட்டம் சொல்வது நேர்மாறு

"ஊர் முதலாளிகள் வங்கி இயக்குநர் குழுவில் உட்காருவதே தங்கள் கம்பெனிக்குக் கடன் எடுக்கத்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. 1949-ஆம் ஆண்டு வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தின் 20-ஆவது பிரிவு, ஒரு வங்கி தன் இயக்குநருக்கே கடன் கொடுப்பதைத் தடுக்கிறது. அவர் கூட்டாளியாகவோ ஜாமீன்தாரராகவோ இருக்கும் நிறுவனத்துக்கும் கிடையாது. சொந்த வைப்புத்தொகை, ஆயுள் காப்பீட்டு பாலிசி ஆகியவற்றின் மீது வாங்குவது போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

சரி, அப்புறம் எதற்கு அவர்கள்? கரூரையே பாருங்கள். 1916-இல் அங்கே கரூர் வைசியா வங்கியைத் தொடங்கியவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான். படுக்கை விரிப்பு ஏற்றுமதி செய்பவர் நூலுக்கு இன்றே பணம் கட்ட வேண்டியிருக்கும். நெசவு, சாயம், தையல் எல்லாம் முடிந்து கப்பலேறிய சரக்குக்குக் காசு வர மாதங்கள் ஆகும். அதுவரை கணக்கில் இருப்பு வற்றிக் கிடப்பதால் அவர் நொடித்துப்போனவர் ஆகிவிடமாட்டார். தறிச்சத்தத்தில் வளர்ந்த ஓர் இயக்குநருக்கு இது சொல்லாமலே புரியும்.

இந்த அனுபவத்தைச் சட்டமே கேட்கிறது. அதே சட்டத்தின் 10ஏ பிரிவின்படி இயக்குநர் குழுவில் குறைந்தது 51 சதவீதம் பேர் கணக்கியல், சட்டம், வேளாண்மை, சிறுதொழில் போன்ற துறைகளை அறிந்தவர்களாக இருக்க வேண்டும். அவர்களில் இருவராவது வேளாண்மையோ கூட்டுறவோ சிறுதொழிலோ தெரிந்தவர்களாக இருந்தாக வேண்டும்.