உடைந்தது கிட் இல்லை

சனிக்கிழமை இரவு நம் சொல் தொகுப்புக் குழுவில் நடந்ததைப் பார்த்தவர்களுக்கு நான் புதிதாக விளக்க ஒன்றுமில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: ஊர் ஊராகக் கேட்டுச் சேர்த்த சொற்களை, யார் எதை மாற்றினார் என்ற வரலாற்றோடு கோப்புகளைக் காக்கும் கிட் (Git) என்ற மென்பொருளில் வைத்திருந்தோம்; அந்தச் சேமிப்பு உடைந்துபோனது. மூன்று நாள் வாயைத் திறக்காமல் இருந்தேன். இன்று காலை ஒருவர் "இந்த கிட்டே வேண்டாம், எல்லாத்தையும் டிரைவ்ல போட்டுருவோம்" என்று எழுத, அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள் விழுந்ததைப் பார்த்ததும் மனசு ஆறவில்லை.

கிட் உடையவில்லை. ரெப்போவை, அதாவது கோப்புகளும் அவற்றின் வரலாறும் இருக்கும் ஃபோல்டரை, கொண்டுபோய் இணையத்தில் தானாக ஏற்றிப் பகிரும் (கிளவுட் சிங்க்) டிரைவ் ஃபோல்டருக்குள் வைத்தோம், அதனால் உடைந்தது. இந்த இரண்டும் ஒன்றல்ல.

ஒரு கமிட் போடும்போது, அதாவது செய்த மாற்றத்தைப் பதிவு செய்யும்போது, ரெப்போவுக்குள் இருக்கும் மறைவு ஃபோல்டரில் பல கோப்புகள் ஒரு வரிசையில் எழுதப்படுகின்றன. முதலில் ஆப்ஜெக்ட்கள் (உள்ளடக்கத்தைத் தாங்கும் துண்டுகள்), கடைசியில்தான் கிளை, அதாவது வேலை நகரும் பாதை, எந்த கமிட்டில் நிற்கிறது என்ற குறிப்பு. டிரைவுக்கு இந்த வரிசை தெரியாது. ஒவ்வொரு கோப்பையும் தனித்தனியாக, எது முதலில் கிடைக்கிறதோ அதை ஏற்றும். கே.கே.நகரில் ஒருவரும் திருமங்கலத்தில் ஒருவரும் ஒரே நேரத்தில் கமிட் போட்டால் குறிப்பு வந்து சேரும், அது காட்டும் ஆப்ஜெக்ட் வராது. கிளைக் குறிப்புக்குப் பக்கத்திலேயே '(1)' என்று வால் முளைத்த இன்னொரு கோப்பும் உட்கார்ந்திருக்கும். நமக்கு நடந்தது இதுதான். ரெப்போவின் எந்தப் பகுதியையும் கிளவுட் சிங்க்கில் வைக்காதீர்கள் என்று கிட்டின் சொந்தக் கேள்வி-பதில் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நானும் குழுவில் இரண்டு முறை எழுதினேன். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது தம்பி" என்று பதில் வந்தது. அந்த அண்ணன் மீது மரியாதை குறையவில்லை. ஆனால் ஆனது.

ஆன பிறகு யாரைக் கேட்டோம்? உசிலம்பட்டியிலிருந்து சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வரும் அந்தத் தங்கச்சியை. "நீ புஷ் பண்ணினதும்தானே உடைஞ்சது?" ஏற்கனவே உடைந்திருந்தது. அவள் புஷ் செய்யும்போது (தன் கமிட்களைப் பொது ரெப்போவுக்கு அனுப்பும்போது) பிழைச் செய்தி வந்தது, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டாள். அவ்வளவுதான் அவள் செய்தது. புஷ் என்பது புதிய ஆப்ஜெக்ட்களைச் சேர்க்கும், அடுத்தவருடைய ஆப்ஜெக்ட்டை அழிக்காது. இதைச் சொல்ல வேண்டிய நேரத்தில் நானும் சத்தமாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை.

"மறைவு ஃபோல்டரை அழித்துவிட்டுப் புதிதாக ஆரம்பிப்போம்" என்று யோசனை சொன்னவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். எந்தச் சொல்லை யார், எந்த ஊரில், யாரிடம் கேட்டு வாங்கினோம் என்ற 2 வருடத்துக் கதை அதற்குள்தான் இருந்தது. அழித்திருந்தால் சொற்கள் மிஞ்சியிருக்கும், கேட்டவர்களும் சொன்னவர்களும் போயிருப்பார்கள்.

என்ன செய்தேன் என்றால், முதலில் சிங்க்கை நிறுத்தினேன். உடைந்த ரெப்போவை உடைந்தபடியே இன்னொரு டிஸ்க்கில் நகல் எடுத்தேன். இதைச் செய்யாமல் யாரும் எதையும் தொடக்கூடாது. அப்புறம் 'கிட் எஃப்.எஸ்.சி.கே' என்ற சரிபார்ப்புக் கட்டளையை ஓட்டியதில், வால் முளைத்த கோப்புகளும் காணாமல்போன ஆப்ஜெக்ட்களும் பட்டியலாக வந்தன. வால் கோப்புகளை வெளியே எடுத்துப்போட்டேன். காணாமல்போனவை எங்கே கிடைத்தன தெரியுமா? அந்தத் தங்கச்சியின் லேப்டாப்பில். நம்மில் அவள் ஒருத்திதான் டிரைவ் ஃபோல்டருக்குள் வேலை பார்க்காமல், முறையாகக் குளோன் (வரலாற்றோடு முழுப் பிரதி) எடுத்து வைத்திருந்தாள். ஆப்ஜெக்ட்களை மொத்தமாகச் சுருக்கிக் கட்டிய அவளுடைய பேக் கோப்பைப் பென் டிரைவில் வாங்கி வந்து 'அன்பேக்' செய்ததும் ஒன்றைத் தவிர எல்லாம் திரும்பின. அந்த ஒன்று அறுவடைச் சொற்கள் கோப்பு. அதன் பிரதி ஒருவருடைய கணினியில் எழுத்து மாறாமல் இருந்தது. கிட் ஒவ்வொரு ஆப்ஜெக்ட்டுக்கும் அதன் உள்ளடக்கத்திலிருந்தே ஓர் அடையாளம் கணக்கிடும்; 'ஹாஷ் ஆப்ஜெக்ட்' கட்டளை கொடுத்ததும் காணாமல்போனதன் அதே 40 எழுத்து அடையாளம் வந்தது. சூட்டடி, பொலி, கண்டுமுதல் என்று ஒவ்வொன்றாகத் திரையில் பார்த்தபோது விடியற்காலை மூன்று மணி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

என் அப்பா கீழமாசி வீதியில் ஒரு மளிகை மண்டியில் கணக்கு எழுதினார். சிட்டையில் தப்பு விழுந்தால் அழிக்க மாட்டார். ஒரு கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்து வைப்பார். தப்பும் தெரியும், திருத்தியது யார் என்றும் தெரியும். ஒரு பேரேட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் எழுத விடவும் மாட்டார். ஒருமுறை தொகை இடித்தபோது முதலாளி கடைப் பையனைச் சந்தேகப்பட்டார். அப்பா இரவெல்லாம் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்து, தப்பு தன்னுடையதுதான் என்று காலையில் போய்ச் சொன்னார். நான் அப்போது ஆறாம் வகுப்பு. கிட்டைப் பழகியபோது அந்தச் சிட்டைதான் நினைவுக்கு வந்தது.

"கிராமத்தில் நெட் இல்லை, கரண்டு இல்லை, இதெல்லாம் சரிப்படுமா?" என்கிறீர்கள். நெட் இல்லாத இடத்துக்குத்தான் இது சரிப்படும். ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும், கமிட் போட நெட் வேண்டாம். 'கிட் பண்டில்' போட்டால் மொத்த ரெப்போவும் ஒரே கோப்பாகப் பென் டிரைவில் போய்விடும். "புதுசா வந்த விளையாட்டு" என்றவருக்கு: லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது இது. "கறுப்புத் திரையைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது" என்பது மட்டும் நியாயம். யார் வந்தாலும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித் தருகிறேன்.

"ஒரு கோப்புக்காக இவ்வளவு கோபமா" என்று கேட்காதீர்கள். கோபம் கோப்புக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தத் தங்கச்சி குழுவை விட்டு வெளியேறினாள், ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை.

தங்கச்சி, இதை நீ படிப்பாய் என்று நினைக்கிறேன். ரெப்போ இப்போது டிரைவுக்கு வெளியே, நம் குழு அறைக் கணினியில் இருக்கிறது. உன் கிளை அப்படியே இருக்கிறது. உன் அப்பத்தாவிடம் கேட்டு நீ கடைசியாகச் சேர்த்த 'வெஞ்சனம்' என்ற சொல் அதில் இருக்கிறது. அதை முதன்மைக் கிளையோடு நான் மெர்ஜ் செய்யவில்லை, சேர்க்கவில்லை. சனிக்கிழமை வந்து நீயே செய்.