மலையாளப் படம் என்றாலே 'அந்த மாதிரி' படமா?

"லாக்டவுனுக்கு முன்னால் மலையாள சினிமா என்றாலே பிட்டுப் படம்தான், ஓடிடி வந்துதான் உருப்பட்டது" என்று ஒரு பதிவு சுற்றுகிறது. தப்பு. நான் மலையாளி, கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். 1965-லேயே வந்த 'செம்மீன்' சிறந்த படத்துக்கான குடியரசுத் தலைவர் தங்கப் பதக்கம் வாங்கிவிட்டது, தென்னிந்தியாவிலிருந்து அதை வாங்கிய முதல் படமே அதுதான். அப்புறம் இயக்குநர் அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்', 'எலிப்பத்தாயம்' எல்லாம் எப்போது வந்தவை? நீங்கள் கொண்டாடிய 'சந்திரமுகி'யின் மூலக்கதையே 1993-ல் வந்த 'மணிச்சித்ரதாழு'. 2000-ஐ ஒட்டி ஷகீலா படங்கள் ஓடியது உண்மை, ஆனால் அது சில வருட அலை, அவை தமிழிலும் டப்பாகி இங்கேயும் ஓடின. சரி, எங்கள் படங்களும் தமிழரைப் 'பாண்டி' என்று கிண்டலடித்திருக்கின்றன, அது தனிப் பஞ்சாயத்து.