புரோ ஆகணுமா? முதலில் நீச்சல் நேரத்தைக் காட்டுங்கள்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் டிரையத்லானில் ஏஜ் குரூப் (அமெச்சூர்களுக்கான வயதுப் பிரிவு) மேடை ஏறிய மறுநாளே ‘அடுத்து புரோதான்’, அதாவது தொழில்முறை வீரர்தான், என்று பதிவு போடுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். ஆசைப்படுவதில் தப்பில்லை, இலக்கை எழுதும் விதம்தான் தப்பு. ‘70.3-ஐ (1.9 கி.மீ. நீச்சல், 90 சைக்கிள், அரை மாரத்தான்; மொத்தம் 70.3 மைல்) நாலரை மணி நேரத்துக்குள் முடிக்கணும்’ என்பது அமெச்சூர் இலக்கு. கடல் அடங்கியிருந்து ரோடும் தட்டையாக இருந்தால் பத்து நிமிடம் தானாகவே குறையும். அதை வளர்ச்சி என்று கணக்கில் சேர்க்க முடியாது.

பார்க்க வேண்டியது சதவீதம். அதே நாள், அதே பாதையில் ஜெயித்த புரோவுக்கு எவ்வளவு பின்னால் வந்தீர்கள்? அவர் 3:50 என்றால் 230 நிமிடம். நீங்கள் 4:20 என்றால் 30 நிமிடம் பின்னால், அதாவது 13 சதவீதம். என்னைக் கேட்டால் 8 சதவீதத்துக்குள், இந்த உதாரணத்தில் 4:08-க்குள், இரண்டு மூன்று வெவ்வேறு போட்டிகளில் வந்த பிறகுதான் புரோ பேச்சையே எடுக்க வேண்டும்.

எந்த தூரம் என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். ஒலிம்பிக் தூரத்தில் (1.5 கி.மீ. நீச்சல், 40 சைக்கிள், 10 ஓட்டம்) எலீட் வீரர்கள் சைக்கிளில் ஒருவர் பின்னால் ஒருவர் ஒட்டிப் போகலாம், பின்னால் வருபவருக்குக் காற்றுத் தடை குறையும். முன்கூட்டத்தோடு தண்ணீரை விட்டு வெளியே வராதவருக்குப் போட்டி ஏறக்குறைய அங்கேயே முடிந்துவிடும். டோக்கியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற நார்வே வீரர் பிளம்மன்ஃபெல்ட் கடைசி 10 கி.மீ.யை 29:34-இல் ஓடினார். முப்பது வயதில் நீச்சல் கற்றவருக்கு அந்தக் கதவு மூடியதுதான். மிச்சம் 70.3-உம், அதைப் போல இரு மடங்கு தூரமான அயர்ன்மேனும்.

அங்கேயும் நீச்சல் விடாது. 1.9 கி.மீ.யை முன்வரிசை ஆண் புரோக்கள் 22–24 நிமிடத்தில் முடிக்கிறார்கள். 100 மீட்டருக்கு 1:10–1:15. 30 நிமிடம் எடுக்கும் ‘நல்ல’ ஏஜ் குரூப்பர் 1:35-இல் போகிறார். ஆறேழு நிமிடம்தானே, சைக்கிளில் பிடித்துவிடலாம் என்பார்கள். புரோக்களுக்கு ஸ்டார்ட் தனி, ஆட்களும் கொஞ்சம் பேர். கூட்டத்தை விட்டால் தண்ணீரிலும் தனியாள், ரோட்டிலும் தனியாள். விதிப்படி இடைவெளி விட்டுப் போனாலும் முன்னால் ஆள் இருப்பதால் காற்றுத் தடை கொஞ்சம் குறையும், அதுவும் கிடைக்காது. வெட்சூட் (மிதக்க உதவும் ரப்பர் நீச்சல் உடை) விதியும் வேறு. அயர்ன்மேன் போட்டிகளில் தண்ணீர் வெப்பம் அமெச்சூர்களுக்கு 24.5 டிகிரி வரை அனுமதி, புரோக்களுக்கு 21.9-ஐத் தாண்டினால் கிடையாது. கால் மூழ்கும் ஆட்களை வெட்சூட்தான் மிதக்க வைக்கிறது. அது போனால் நேரமும் போகும்.

ஆகவே முதல் வருட இலக்கு சிஎஸ்எஸ் வேகமாக, அதாவது நீண்ட நேரம் தாங்கும் நீச்சல் வேகமாக, இருக்கட்டும். அதை அளக்க நன்றாக வார்ம்-அப் செய்து 400 மீட்டர் முழு முயற்சி, ஓய்வுக்குப் பின் 200. 400-க்கு 5:40, 200-க்கு 2:40 என்றால் வித்தியாசம் 180 வினாடி. இரண்டால் வகுத்தால் 100-க்கு 1:30. ஆறு வாரத்துக்கு ஒரு முறை இதை எடுங்கள். வாரம் மூன்று நாள், நாளுக்கு 2 கி.மீ. நீந்தினால் இருப்பது நிலைக்கும், ஏறாது. ஐந்தாறு நாள், 20 கி.மீ.க்கு மேல், ஸ்ட்ரோக்கைக் கரையில் நின்று பார்க்க ஒரு கோச் வேண்டும். குளத்தில் ஒரே வேகத்தில் நீந்திப் பழகியவர்கள் போட்டியின் முதல் 300 மீட்டரிலேயே கூட்டத்தை விட்டுவிடுகிறார்கள். அதற்கு 3×50 முழு வேகம், நடுவில் 10 வினாடி ஓய்வு, உடனே நிற்காமல் சிஎஸ்எஸ் வேகத்தில் 300. இதை நான்கு முறை.

பிரிட்டிஷ் வீராங்கனை கிறிஸ்ஸி வெலிங்டன் 2006-இல் ஏஜ் குரூப் உலக சாம்பியன், 2007-இல் புரோவாகி அதே வருடம் ஹவாயின் கோனாவில் அயர்ன்மேன் உலகப் பட்டம். எல்லோரும் இதை உதாரணம் காட்டுவார்கள். அவர் சின்ன வயதிலிருந்தே நீந்தியவர் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. 2015-இல் கோனாவில் 18–24 பிரிவை ஜெயித்து, 2023-இல் உலகப் பட்டம் எடுத்த லூசி சார்ல்ஸ்-பார்க்லேயும் நீச்சலிலிருந்து வந்தவர்தான்.

சைக்கிளுக்கு எஃப்டிபி, அதாவது சுமார் ஒரு மணி நேரம் தாங்கும் மிதி சக்தி. 20 நிமிட சோதனையின் சராசரி வாட்ஸில் 95 சதவீதம். 70 கிலோ உடம்புக்கு 280 வாட்ஸ் வந்தால் கிலோவுக்கு 4. அமெச்சூருக்கு அருமை, புரோ வரிசையில் பத்தாது. 90 கி.மீ.யை அதில் 80–85 சதவீதத்தில் ஓட்டிவிட்டு, அதற்கு மேல் அரை மாரத்தானும் ஓட வேண்டும்.

அங்கே கவிழ்வது பெரும்பாலும் வயிறு. மணிக்கு 60 கிராம் கார்போஹைட்ரேட்டில் தொடங்கி, வாரம் 10 கிராம் ஏற்றி 90-க்குப் போங்கள். 30 கிராம் மால்டோடெக்ஸ்ட்ரினோடு (குளுக்கோஸாக உடையும் மாவுச்சத்துப் பொடி) 60 கிராம் சாதாரணச் சர்க்கரை கலந்தால் குளுக்கோஸ் இரண்டு பங்கு, ஃப்ரக்டோஸ் ஒரு பங்கு. விலை உயர்ந்த எனர்ஜி ஜெல் பலவற்றிலும் இதே கணக்குதான். தண்ணீர் குறைத்துக் கெட்டியாகக் குடித்தால் ஓட்டத்தில் வயிறு உப்பி நிற்கும்.

புரோவாகப் போட்டியிட உரிமமான புரோ கார்டைக் கொடுப்பது அந்தந்த நாட்டுக் கூட்டமைப்பு. தகுதி விதி மாறிக்கொண்டே இருக்கும், அந்த வருட விதியைப் படியுங்கள். வாங்கிய பிறகு ஏஜ் குரூப் மேடையும் அதன் வழி வரும் உலகப் போட்டி இடமும் போய்விடும். அந்த ஸ்லாட் ஆசை இன்னும் பாக்கி என்றால் அதை முடித்துவிட்டு விண்ணப்பியுங்கள். விண்ணப்பிக்கும் முன் வீட்டில் இருக்கும் புரோட்டீன் பவுடர், லேகியம், இன்ஹேலர் எல்லாவற்றையும் ஊக்கமருந்துத் தடைப் பட்டியலோடு ஒப்பிடுங்கள். டாக்டர் எழுதிக்கொடுத்ததே ஆனாலும் பட்டியலில் இருந்தால் மருத்துவ விலக்கு அனுமதியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள். சோதனையில் மாட்டிய பிறகு ‘தெரியாது’ என்பது செல்லாது.