பெயர் எழுதாத குளிசை உறை

வெள்ளவத்தையில் இருக்கும் என் மாமி இரண்டு மாதமாக லொசார்டன் என்ற பிரஷர் குளிசையைத் தொடவில்லை. ‘பிரஷர் குளிசை கிட்னியைப் பழுதாக்கிப்போடும்’ என்று கோயிலில் யாரோ சொன்னதை நம்பி அதை நிறுத்திவிட்டு, அதே இரண்டு மாதமும் முழங்கால் நோவுக்குப் பாமசி ஒன்றில் டொக்டரின் துண்டில்லாமல் வாங்கிய குளிசையைக் காலையும் இரவும் விழுங்கியிருக்கிறார். சிறுநீரகம் சரியாக வடிகட்டாவிட்டால் இரத்தத்தில் ஏறும் கழிவான கிரியேட்டினின், போன வருடம் 1.0 ஆக இருந்தது, சென்ற கிழமை 1.9 என்று வந்தது.

என்ன குளிசை எடுத்தீர்கள் என்று டொக்டர் கேட்டபோது, மாமி கைப்பையிலிருந்து ஒரு சிறிய கடதாசி உறையை எடுத்து நீட்டினார். அதில் ‘1 – 0 – 1, சாப்பாட்டுக்குப் பின்’ என்று மட்டும் இருந்தது. திரும்பப் போய் விசாரித்த பிறகுதான் அது டைக்ளோபெனாக் என்று தெரிந்தது.

விழுங்க வேண்டியதை ஒதுக்கி, ஒதுக்க வேண்டியதை விழுங்குவது எங்கள் ஆட்களிடையே சாதாரணமாகிவிட்டது. சிறுநீரக வடிகட்டிக்குள் இரத்தம் நுழையும் நுண்குழாயை விரித்து வைப்பதற்குப் புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருள் உதவுகிறது. டைக்ளோபெனாக், இபுப்ரோபென் போன்றவை நோவைத் தணிப்பதற்காக அதன் உற்பத்தியைத் தடுக்கும்போது அந்தக் குழாயும் சுருங்குகிறது. இளவயதில் இரண்டு நாள் எடுப்பவருக்கு இது பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். முதியவருக்கும், நீரிழிவுக்காரருக்கும், வயிற்றோட்டத்தில் நீர் வற்றியவருக்கும் அப்படியல்ல.

லொசார்டனோ இரத்தம் வெளியேறும் குழாயைத் தளர்த்தி, வடிகட்டியின் மேலுள்ள அழுத்தத்தைக் குறைக்கிறது. நீரிழிவுக்காரரின் சிறுநீரகத்தைக் காக்கவே அதைக் கொடுப்பதும் உண்டு. தொடங்கிய புதிதில் கிரியேட்டினின் சற்று ஏறலாம் என்பதால்தான் இந்த வதந்தி பிறந்ததோ என்னவோ. ஆனால் லொசார்டன், சலம் போக்கும் குளிசை, நோக்குளிசை ஆகிய மூன்றும் ஒருவர் வயிற்றில் ஒன்றாகச் சேர்ந்தால் வடிகட்டும் அழுத்தமே விழுந்துவிடும். ஆகவே, எதை எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுப்பதுதான் என்னை அதிகம் பயப்படுத்துகிறது.

‘இயற்கை’ என்ற சொல்லுக்கும் இதே கதைதான். கொலஸ்ட்ரோலுக்கு என்று வெறும் வயிற்றில் குடிக்கும் பிலிங் காய்ச் சாற்றிலும், காமரங்காப் பழச் சாற்றிலும் ஒக்சலேட் என்ற உப்பு மிகுதி. அளவுக்கு மீறினால் அது சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து, சிலரை டயலிசிஸ் வரை கொண்டுபோயிருக்கிறது. தினமும் 1000 மில்லிகிராம் விற்றமின் சி கரைத்துக் குடிப்பவர்களும், குறிப்பாக ஏற்கெனவே கல் வந்தவர்கள், இதைக் கவனிக்க வேண்டும்.

டொக்டர் டைக்ளோபெனாக்கை நிறுத்தி, நோவுக்குப் பரசிற்றமோல் எழுதி, இரண்டு கிழமையில் மறுபடி இரத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார். அதை வாங்கப் போனபோது மாமி உறையைத் திருப்பிக் கொடுத்து, “தம்பி, இதில மருந்தின்ர பெயரையும் எழுதித் தாங்கோ” என்றார். பின்னால் நின்றவர் நேரமாகிறது என்று முணுமுணுத்தார். தம்பி எழுதிக் கொடுத்தார்.