குட்டைக் கோடாலி பாதுகாப்பானதா?

"மலையேற்றத்துக்குக் குட்டைக் கோடாலி வாங்குங்கள், விலையும் எடையும் குறைவு, புதியவர்களுக்குப் பாதுகாப்பு" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். விலை, எடை சரி. பாதுகாப்பு என்பது தவறு, நம்பினால் ஆபத்து. 35 செ.மீ. காம்புள்ள கோடாலியை நின்றபடி வீசிக் குறி தப்பினால், அதன் வாய் நேராக முழங்காலுக்கோ கெண்டைக்காலுக்கோ வரும். காம்பு நீளமென்றால் பெரும்பாலும் முதலில் தரையில் இறங்கிவிடும். அதனால் தயவுசெய்து மண்டியிட்டு, விறகை ஒரு கட்டைமேல் வைத்து வெட்டுங்கள்.

அப்புறம், '600 கிராம்' என்று போட்டிருப்பது பல கோடாலிகளில் தலையின் எடை மட்டும்தான். காம்பு, உறை எல்லாம் சேர்த்து நிறுத்துப் பாருங்கள். மணிக்கட்டுப் பருமன் விறகுக்கு 200 கிராம் அளவிலான மடக்கு ரம்பமே போதும்.