டைமிங் பெல்ட் எப்ப மாத்தணும்னு கேட்டா எல்லாரும் மீட்டரையே காட்டுறாங்கய்யா

டைமிங் பெல்ட்டுன்னா இன்ஜினுக்குள்ள பிஸ்டனையும் வால்வையும் ஒரே தாளத்துல ஓட வைக்குற ரப்பர் பட்டை. யாங்கூன்ல எந்த ஒர்க்‌ஷாப்ல கேட்டாலும் சயா, அதான் இங்க மெக்கானிக்கைக் கூப்புடுற பேரு, குனிஞ்சு மீட்டரைப் பாத்துட்டு "எண்பத்திரெண்டாயிரம்தானே ஓடிருக்கு, ஒரு லட்சம் ஆகட்டும் வாங்க"ங்குறாரு. யோவ், இது ஜப்பான்ல ஓடித் தேஞ்சு கப்பல்ல வந்த டொயோட்டா சர்ஃப், வழியில எவன் மீட்டரைத் திருப்பி வச்சான்னு யாருக்குத் தெரியும்?

நான் சும்மா சந்தேகப்படல. பானட்டைத் தூக்குனா பெல்ட் மாத்துனதுக்கு ஜப்பான் எழுத்துல ஸ்டிக்கர் ஒட்டிருக்கு, அதுல 1,04,000 கிலோமீட்டர்னு போட்டிருக்கு. இப்ப மீட்டர் காட்டுறது 82,000! வண்டி என்ன ரிவர்ஸ்லயே ஓடிச்சா? இதுல வித்த புரோக்கரு வேற, தேதியில 16ன்னு இருக்குறதைக் காட்டி "பாருங்கண்ணே, 2016ல மாத்தினது"ங்குறாரு. அது ஹெய்செய் 16, ஜப்பான்காரன் ராஜா கணக்கு, நம்ம கணக்குல 2004. இருபது வருசம் தாண்டுன ரப்பரை வச்சுக்கிட்டு நான் மண்டலே போகணுமாம்.

சரி, பெல்ட் மாத்துற நேரம் வந்தா டேஷ்போர்டுல டி-பெல்ட் லைட்டு எரியுமேன்னு ஒருத்தர் சொல்றாரு. அந்த லைட்டு பெல்ட்டையா பாக்குது, கிலோமீட்டரைத்தானே எண்ணுது, மீட்டரே பொய்னா லைட்டு மட்டும் அரிச்சந்திரனா?

அதோட கிலோமீட்டர் மட்டும் கணக்கே இல்ல. லெடான் சந்திப்புல ஏசியைப் போட்டுக்கிட்டு நகராம நிக்கிறோமே, அப்ப மீட்டர் ஓடாது, இன்ஜின் ஓடும், பெல்ட்டும் சுத்திக்கிட்டேதான் இருக்கும். சூட்டுல ரப்பர் இறுகும், சீல்ல எண்ணெ கசிஞ்சு மேல பட்டா ஊறிப் போகும், ஓடவே ஓடாத வண்டியிலயும் வயசு ஆகும்.

இன்னொரு சயா "சத்தம் வரட்டும் பாத்துக்கலாம்"னாரு. எனக்கு வந்துச்சு பாருங்க கோபம்! சில இன்ஜின்ல பெல்ட்டுக்குப் பதிலா செயினு இருக்கும், அது தேஞ்சா கடகடன்னு சத்தம் போடும், பெல்ட்டு பெரும்பாலும் சொல்லாமதான் அறுந்து போகும். அறுந்தா இந்த இன்ஜின்ல பிஸ்டன் மேல வந்து வால்வை இடிச்சு வளைச்சுடும், அப்புறம் இன்ஜின் மேல்பாகமான ஹெட்டைக் கழட்டணும், எக்ஸ்பிரஸ் ரோட்டுல 115 மைல் தாண்டி ராத்திரி நின்னா கட்டி இழுக்குற காசு தனி. இதுக்குப் பயந்து முன்னாடியே மாத்தணும்னா நான் பயந்தாங்கொள்ளியாம்.

பழசு எதையும் நம்பாம, வாங்குனவுடனே மாத்தி, அன்னைக்குத் தேதியில இருந்து புதுசா எண்ண ஆரம்பிக்கிறதுதான் கணக்கு. இதைச் சொல்லி ஒருவழியா ஒத்துக்க வச்சா, பெல்ட்டு மட்டும் போதும், டென்ஷனர் பேரிங்கு (பெல்ட்டை இழுத்துப் பிடிக்குற உருளை) பழசே நல்லாத்தான் சுத்துதுங்குறாரு சயா. பெல்ட்டு வயசுதான்யா அதுக்கும், அது இறுகிப் பிடிச்சா புது பெல்ட்டுந்தான் போகும்!